ஆளு வரும், வீட்ல இருங்க

நான் யாருகிட்டயும் கை நீட்டி ஒரு டீ வாங்கிக் குடிச்சவன் இல்லீங்க. அத மொதல்லயே சொல்லிப்போடறேன். ஏன்னா இப்ப நான் சொல்லப்போறதைக் கேட்டா, ஆளு ஏதோ வாங்கிட்டுத்தான் செஞ்சிருப்பான்னு நெனப்பீங்க. எல்லாரும் அப்பிடித்தான் நெனச்சாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல ரைட்டர் கூட அதத்தான் கேட்டாரு, எவ்வளவுய்யா வாங்குனேன்னு. எதுவுமே வாங்கலீங்கன்னேன். அப்பறம் எதுக்குய்யா சொன்னேன்னாரு. கேட்டாங்க, சொன்னேன்னேன். அந்தாளு பேனாவக் கீழ வெச்சுட்டு என்னைய ஒரு மாதிரி பாத்தாருங்க. வாங்கியிருந்தாக்கூட அப்பிடிப் பாத்திருக்க மாட்டாரு.

நல்லாச் சாஞ்சு உக்காருங்க. ரோட்டு வேலை நடக்குது, பஸ்சு இப்பிடித்தான் ஊரும்.

என்ற பேரு குப்புராஜுங்க. திருப்பூர்ல ஒரு கேஸ் ஏஜென்சியில கவுன்ட்டர்ல இருந்தேன். போன சித்திரை வரைக்கும் இருந்தேன். ஏஜென்சி ஆரம்பிச்ச காலத்துல இருந்து நான்தான். சிலிண்டர் புக் பண்றது, புதுக் கனெக்ஷன் போடறது, வீடு மாறுனா அட்ரஸ் மாத்தறது, எல்லாம் எங் கைதான். எந்தச் சந்துல யாரு குடியிருக்காங்க, யாரு காலி பண்ணிட்டுப் போனாங்க, யாரு வீட்ல அடுப்பு எரியுது, யாரு வீட்ல எரியல, அத்தனையும் என்ற கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல என்னங்க, என்ற மண்டையிலயே இருந்துச்சு.

ஒரு குடும்பத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கோணும்னா ஜாதகமெல்லாம் பாக்க வேண்டியதில்லீங்க. சிலிண்டர் எத்தன நாளைக்கு ஒருக்கா எறங்குதுன்னு பாத்தாப் போதும். புருஷன் பொண்டாட்டி மட்டும் இருக்கற வீட்ல மாசாமாசம் ஒண்ணு எறங்குதா, ஓட்டல்காரனுக்குக் கை மாத்தி உடறாங்கன்னு அர்த்தம். திடீர்னு புக்கிங்கே வரலியா, வீட்டம்மா கோவிச்சுக்கிட்டு அப்பன் வீட்டுக்குப் போயிருச்சுன்னு அர்த்தம். அப்பிடி ஒருக்கா நான் டீக்கடையில சொன்னதுக்கு ஒருத்தன் என்ற சட்டையப் புடிச்சுட்டான். அவம் பொண்டாட்டி பிரசவத்துக்குப் போயிருந்துச்சாம். சரி, போனது அப்பன் வீட்டுக்குத்தானங்க? நான் சொன்னதுல என்ன தப்பு?

கல்யாணத் தரகருங்க எல்லாம் எங்கிட்ட வருவாங்க. இந்த வீடு எப்படீங்கண்ணா, அந்த வீடு எப்படீங்கண்ணாம்பாங்க. தட்டிப் பாத்துச் சொல்லுவேன். பல்லடம் ரோட்டுப் பக்கம் ஒரு மாப்பிள்ளை வீடு. தோட்டம் இருக்குது, காரு இருக்குது, பையனும் படிச்ச பையன். ஆனா வருஷம் பூராவும் தேடுனாலும் ரெண்டே சிலிண்டர். பொண்ணு வீட்டுக்காரங்களக் கூப்பிட்டுச் சொன்னேன், அந்த வீட்ல உங்க பொண்ணுக்குச் சுடுசோறு கெடைக்காதுங்க, வெசனப்பட்டுப் போவீங்கன்னு. சம்பந்தம் நின்னு போச்சு. அப்பறந்தான் தெரிஞ்சுது, அவங்க தோட்டத்துல மாட்டுச் சாணத்துல கேஸ் எடுத்து அடுப்பெரிக்கறாங்கன்னு. அது எனக்கு எப்படீங்க தெரியும்? கம்ப்யூட்டர்ல இருக்கறதத்தான நான் சொல்ல முடியும்?

இதுக்கெல்லாம் நான் ஒண்ணும் வாங்குனதில்லீங்க. ஊருக்குள்ள 'குப்புராஜக் கேட்டாத் தெரியும்'னு ஒரு பேச்சு இருந்துச்சு. அது போதுங்க. வீட்ல யாருங்க நம்மளக் கேக்கறா? மொதலாளி கேக்கறாரா? கவுன்ட்டருக்கு முன்னால ஒருத்தன் வந்து கொஞ்சம் குனிஞ்சு, குரலத் தாழ்த்தி, 'அண்ணா, ஒரு சின்ன விஷயம்'னு சொல்றான் பாருங்க, அப்ப மனசுக்குள்ள ஒண்ணு வருமுங்க. அத அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

பக்கத்து சீட்டுல யமுனான்னு ஒரு புள்ள வேலைக்குச் சேந்துச்சு. தண்ணி குடிக்க எந்திரிச்சாக்கூட கம்ப்யூட்டரைப் பூட்டிட்டுத்தான் போகும். உள்ள என்ன புள்ள, தங்கமா இருக்குதுன்னு கேட்டேன். ஜனங்க அட்ரஸ் இருக்குதுங்கண்ணான்னுச்சு. நான் சிரிச்சேன். கவுன்ட்டர்ல நின்னவங்களும் சிரிச்சாங்க. அது மட்டும் சிரிக்கல. எனக்கு அன்னைக்கே புடிக்கலீங்க அந்தப் புள்ளைய. கூட வேலை பாக்கறவங்களோட சேந்து சிரிக்கத் தெரியாதவங்கள நம்பக் கூடாது.

இனி விஷயத்துக்கு வர்றேன்.

முருகேஸ்வரின்னு ஒரு பொண்ணு புதுக் கனெக்ஷனுக்கு வந்துச்சு. கம்பம் பக்கத்துல இருந்து வந்து, பனியன் கம்பெனியில டெய்லர் வேலை. கூட ஒரு பொட்டப்புள்ள, ரெண்டாவதோ மூணாவதோ படிக்கற வயசு. லைன் வீட்ல குடியிருக்கு. வாடகை வீட்டுக்காரங்க யாராவது வந்தா நான் ரெண்டு வார்த்தை விசாரிக்கறது வழக்கம். வீட்டுக்காரர் என்ன பண்றாருங்கம்மான்னேன். இல்லைண்ணேன்னுச்சு. இல்லைன்னா, எறந்துட்டாரா, இல்ல ஊர்ல இருக்காராம்மான்னேன். கனெக்ஷனுக்கு அது வேணுமாண்ணேன்னு கேட்டுச்சு. வேண்டாந்தான். ஆனாலும் கேட்டவங்களுக்குப் பதில் சொல்றது ஒரு மொறையில்லீங்களா?

கெளம்பறப்ப கவுன்ட்டர்கிட்டத் திரும்பி வந்து, மெதுவாச் சொல்லுச்சு, "அண்ணே, யாராச்சும் வந்து கேட்டா என் அட்ரஸ் மட்டும் சொல்லிறாதீங்கண்ணே. உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

சரிம்மான்னு சொன்னேன். சொல்லிட்டு யோசிச்சேன். ஒரு பொம்பள தன்னோட அட்ரஸச் சொல்லாதீங்கன்னு சொன்னா, அதுல என்னமோ இருக்குதுன்னுதானங்க அர்த்தம்? நம்ம அட்ரஸயெல்லாம் யாரு வேணா கேக்கட்டும், நாம பயப்படறமா? முன்னங்கையில ஒரு சுட்ட தழும்பு வேற இருந்துச்சு. அடுப்படியில நிக்கற பொம்பளைக்கு அது சகஜந்தானுங்களே. நான் அதப் பெருசா எடுத்துக்கல.

கொஞ்ச மாசம் கழிச்சு அந்தாளு வந்தாரு. தெய்வேந்திரன். அதோட வீட்டுக்காரரு. வெள்ளைச் சட்டை, நெத்தியில விபூதி, கையில ஒரு பை நெறைய திராட்சை. அவங்க ஊரு திராட்சை. அந்தப் பொண்ணு திருப்பூர்லதான் இருக்குதுன்னு அவங்க ஊருக்காரன் ஒருத்தன் பாத்துட்டுப் போயி சொல்லியிருக்கான். எந்தப் பக்கம்னு தெரியாம, இந்தாளு ஒவ்வொரு கேஸ் ஆபீசா ஏறி எறங்கியிருக்காரு. எத்தன ஆபீஸ்ல கையெடுத்துக் கும்பிட்டேன்ணே, ஒருத்தனும் மூஞ்சி குடுத்துப் பேசலண்ணேன்னாரு. அவனுங்களுக்கெல்லாம் மனசு இல்லைங்கன்னேன்.

கண்ணுல தண்ணி உட்டுட்டாருங்க, அத்தன பேரு முன்னால. சின்னச் சண்டைதாண்ணே, புள்ளையத் தூக்கிட்டு வந்துட்டா, எம் புள்ள மூஞ்சிய ஒருதடவ பாத்துட்டுப் போயிறேன்ணேன்னு. ஆம்பள அழுது பாத்திருக்கீங்களா நீங்க? என்னால தாங்க முடியலீங்க. பேரத் தட்டுனேன். வந்துருச்சு. சொன்னேன். வெறும் அட்ரஸ் சொன்னா எங்க கண்டுபுடிப்பாரு? ரேஷன் கடைக்கு எதிர்ச் சந்து, குழாயடிக்கு அடுத்த லைன், கடைசி வீடுன்னு வழியும் சொன்னேன். செய்யறதத் திருந்தச் செய்யோணுமில்ல.

அப்பவும் அவரு தயங்கி நின்னாரு. நான் போயித் தட்டுனா தொறக்க மாட்டாண்ணேன்னாரு.

அட, அதுக்கென்னங்கன்னு நான் போனை எடுத்தேன். அந்தப் பொண்ணு நம்பர்தான் என்ற முன்னாலயே இருக்குதே. கேஸ் ஆபீஸ்ல இருந்து பேசறம்மா, டியூப் செக் பண்ண இன்னிக்குச் சாயங்காலம் ஆளு வரும், வீட்ல இருங்கம்மான்னு சொன்னேன். சரிண்ணேன்னுச்சு. கம்பெனியில பெர்மிஷன் போட்டுட்டு வந்திர்றேன்ணேன்னுச்சு. நல்ல புள்ளதான், நான் இல்லைங்கல. இதுல பொய் எதுவும் இல்லீங்க, கவனிச்சுப் பாருங்க. ஆளு வரும்னுதான் சொன்னேன். யாருன்னு சொல்லல, அவ்வளவுதான்.

தெய்வேந்திரன் சட்டைப் பையில கை விட்டாரு. அங்கயே நிறுத்துங்கன்னுட்டேன். நாங்க அப்பிடிப்பட்ட குடும்பம் இல்லீங்கன்னேன். வேற வழியில்லாம அந்தத் திராட்சையக் குடுத்துட்டுப் போனாரு. பழந்தானுங்க. பழம் லஞ்சமாகுங்களா?

அன்னைக்கு வீட்டுக்குப் போயி பூங்கொடிகிட்ட, அதாவது என்ற வீட்டுக்காரிகிட்ட, ஒரு குடும்பத்தச் சேத்து வெச்சுட்டு வர்றேன் புள்ளைன்னு சொன்னேன். திராட்சையக் கழுவிச் சாப்பிட்டோம். நல்ல இனிப்பு.

அப்பறம் நடந்தது எனக்கு எப்படீங்க தெரியும்? அந்தாளு அழுததப் பாத்தா அப்பிடிச் செய்யற ஆளாட்டவா இருந்துச்சு?

கதவு தொறந்தே இருந்திருக்குது. உள்ள போனவன் தாப்பாளப் போட்டுட்டான். அந்தப் பொண்ணோட கையத் திருகி ஒடிச்சுட்டான். வாயில துணிய அடச்சுட்டு அடுப்புப் பக்கமா இழுத்துட்டுப் போயிருக்கான். பழைய தழும்பும் அவன் பண்ணுனதுதானாம். அந்தப் பாப்பாதான் ஜன்னல்ல ஏறிக் கத்தியிருக்குது. வேலை விட்டு வந்த லைன் வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் சேந்து கதவ ஒடச்சு, அவன வெளிய இழுத்துப்போட்டு, போலீஸ் வர்ற வரைக்கும் மேலயே உக்காந்திருக்காங்க. ஒரு பொம்பள கேஸ் சிலிண்டரத் தூக்கிட்டு வந்தாளாம் அவன் தலையில போடறதுக்கு. நல்லவேளை, மத்தவங்க புடிச்சுட்டாங்க. அதுல ஒரு அடி பட்டிருந்தா அந்தப் பேரும் எங்க ஏஜென்சிக்குத்தான வந்திருக்கும்?

மக்காநாளு அந்தப் பொம்பளைங்க கும்பலா ஆபீசுக்கு வந்துட்டாங்க. கேஸ் ஆபீஸ்ல இருந்து போன் பண்ணுனது எவன்னு கேட்டாங்க. நான் உள்ள இருந்தேன். வயித்துக் கடுப்பு அன்னைக்கு. மொதலாளி நாச்சிமுத்துக் கவுண்டர் நல்ல மனுஷன், என்னையத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாரு. நான் எதுவும் சொல்லலீங்களேன்னேன். ஏன் அப்பிடிச் சொன்னேன்னா, வேணும்னு சொல்லல, அந்த நேரத்துக்கு வாயில வந்துருச்சு. ஒருவேளை யமுனாவா இருக்கும்னு கூட ஒரு வார்த்தை வந்துருச்சு. புதுப் புள்ள, தெரியாமப் பண்ணியிருக்கும், மன்னிச்சு உட்ருவாருன்னுதான். எனக்குன்னா பேரு கெட்டுப் போயிருமில்ல.

அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு தெரியுங்களா? நேரா மொதலாளி முன்னால வந்து நின்னு, இல்லீங்க, அண்ணாதான் பேசுனாரு, நான் கேட்டேன், ஆளு வரும் வீட்ல இருங்கன்னு சொன்னாருன்னு அப்பிடியே ஒப்பிச்சுருச்சு. மொதலாளிகிட்டச் சொன்னதோட உட்டுதா? போலீஸ் கேட்டப்ப அங்கயும் போயிச் சொல்லுச்சு.

இதத்தானுங்க நான் உங்ககிட்டக் கேக்கறேன். நீங்களே நாயம் சொல்லுங்க. ஆபீசுக்குள்ள நடக்கற விஷயத்த வெளிய கொண்டு போயிச் சொல்லலாமுங்களா? ஒரு எடத்துல வேலை பாக்கறோம்னா அங்க கண்டது கேட்டது எல்லாம் நம்ம மனசோட இருக்கோணுமா இல்லீங்களா? அந்தப் புள்ளகிட்டயே கேட்டேன், இதுதான் நீ படிச்ச படிப்பா, ஒழுக்கம்னு ஒண்ணு வேண்டாமான்னு. அது, நீங்க கேட்டதுக்கு அர்த்தம் உங்களுக்குப் புரியுதுங்களாண்ணான்னுச்சு. எனக்குப் புரியாம எதுக்குங்க கேக்கறேன்?

வேலைய விட்டு நிறுத்திப்போட்டாங்க. என்ற சீட்டுல இப்ப யமுனாதான் உக்காந்திருக்குது. யாராவது கவுன்ட்டருக்கு வந்து குனிஞ்சு ஏதாவது கேட்டா, நிமிந்து நின்னு சத்தமாக் கேளுங்கன்னு சொல்லுதாம். இப்பிடியா ஜனங்ககிட்டப் பேசறது?

அந்தப் பொண்ணப் போயிப் பாத்துட்டு வரலாம், ஒரு வார்த்தை சொல்லி எம் மேல குடுத்த கம்ப்ளைன்ட்ட வாபஸ் வாங்க வெச்சரலாம்னு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஆப்பிள் வாங்கிட்டுத்தான் போனேன். கையில மாவுக்கட்டு போட்டு உக்காந்திருந்துச்சு. அம்மிணி, நான்தான் கேஸ் ஆபீஸ்ல இருந்துன்னேன். அவ்வளவுதான், அந்தப் பாப்பா கட்டிலுக்கு அடியில போயிப் பூந்துக்குச்சு. சின்னக் கொழந்தைங்களுக்குப் புது ஆளைக் கண்டாக் கூச்சம் இருக்குமில்ல.

அந்தப் பொண்ணு அழுகும், கத்தும்னு நெனச்சுட்டுப் போனேன். ஒண்ணுமில்ல. சாதாரணமாத்தான் பேசுச்சு.

"கேஸ்னு சொன்னதாலதாண்ணே தொறந்து வச்சேன். திருப்பூருக்கு வந்ததுல இருந்து யாரு தட்டுனாலும் தொறக்க மாட்டேன். பால்காரரக்கூட வெளிய வச்சுட்டுப் போகச் சொல்லுவேன். அன்னைக்கு மட்டுந்தான் தாப்பாப் போடல."

நானும் உங்க நல்லதுக்குத்தானம்மா நெனச்சேன்னு சொன்னேன். அது சொல்லுச்சு,

"எனக்கு நல்லது நெனைங்கன்னு நான் சொல்லலயேண்ணே. சொல்லாம இருங்கன்னுதான கேட்டேன்."

பாத்தீங்களா பேச்ச? தேடி வந்து நிக்கற பெரிய மனுஷன்கிட்டப் பேசற பேச்சா இது? ஆப்பிளையும் வாங்கிக்கல. பக்கத்துக் கட்டில்காரம்மாகிட்டக் குடுத்துட்டு வந்தேன்.

வீட்லயும் இப்ப எனக்கு மரியாதை இல்லீங்க. விஷயம் தெரிஞ்ச அன்னைக்கு பூங்கொடி வீட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குப் போயி, தொண்டையில வெரல விட்டு வாந்தி எடுத்தா. திராட்சை தின்னு நாளாச்சு, இனி அது எங்க வரும்? சொன்னாக் கேக்கல. இப்ப எங்கிட்ட எதுவுமே சொல்றதில்ல. ஈரோட்டுல கட்டிக்குடுத்த மக போன் பண்ணுனா, போனத் தூக்கிட்டு வாசலுக்குப் போயிடறா. என்ன சொன்னா புள்ளைன்னு கேட்டா, நல்லாருக்காளாம்கறா. அவ்வளவுதான். மக முழுகாம இருக்கறதே எனக்குப் பக்கத்து வீட்டுக்காரரு சொல்லித்தான் தெரியும். பெத்த அப்பனுக்குத் தெரியக் கூடாத விஷயமுங்களா அது? டீக்கடையிலயும் அப்பிடித்தான். நான் போயி உக்காந்தா பேச்ச நிறுத்திடறாங்க.

மொதலாளியத் திரும்பவும் போயிப் பாத்தேன். மனுஷனுக்குக் கோவம் ஆறியிருக்கும்னுதான். அவரு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு, அந்தப் பொண்ணே நேர்ல வந்து, எனக்கு இந்தாளு மேல வருத்தமில்லைன்னு சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்யான்னு. சொல்லிட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. சிரிச்சாலும் சொன்ன சொல்லு சொல்லுதானுங்களே. அதையே புடிச்சுக்கிட்டேன்.

ஆனா அந்தப் பொண்ணு வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிருச்சுங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்த கையோட போயிருச்சு. எங்கன்னு லைன் வீட்ல கேட்டேன். ஒருத்தியும் சொல்லலீங்க. ஒரு வீட்ல போயிக் கேட்டா அடுத்த வீடுங்கறா, அங்க போயிக் கேட்டாத் தெரியாதுங்கறா, கடைசியா ஒருத்தி தொடப்பத்த எடுத்துட்டு வந்துட்டா. பனியன் கம்பெனியிலயும் கேட்டுப் பாத்தேன், வாட்ச்மேன் கேட்டுக்குள்ளயே விடல. நானாயிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பேன். மனுஷனுக்கு மனுஷன் ஒத்தாசை பண்ற காலமெல்லாம் போச்சு.

தெய்வேந்திரன் ஜாமீன்ல வந்துட்டாருங்க. முந்தாநாளு போன் பண்ணாரு. மனசு திருந்திட்டாராம். அவருக்கும் ஒருதடவ நேர்ல பாத்து மன்னிப்புக் கேக்கோணுமாம். எடம் தெரிஞ்சாச் சொல்லுங்கண்ணேன்னு மறுபடியும் அழுகறாரு. நான் சொல்லியிருக்கேன், தெரிஞ்சதும் சொல்றேங்கன்னு. ரெண்டு பேரும் சேந்தே போயிரலாம்னு ஒரு ரோசனை. ஒரே நடையில முடிஞ்சுரும்.

அட, நானே பேசிட்டு வர்றேன். நீங்க எங்கீங்க வேலை பாக்கறீங்க?

கல்வி ஆபீஸ்லயா? பள்ளிக்கூடத்துக் கல்வி ஆபீஸா? இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா? அப்ப எந்தப் புள்ள எந்த ஸ்கூல்ல சேந்திருக்குதுன்னு எல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல வருமில்லீங்க? டி.சி. வாங்கிட்டுப் போனாலும், போயிச் சேந்த ஸ்கூலு வரும், வீட்டு அட்ரஸும் வரும். வராம இருக்காது. எனக்குத் தெரியாதுங்களா கம்ப்யூட்டரப் பத்தி.

ஒண்ணுமில்லீங்க, ஒரு சின்ன விஷயம். அந்தப் பாப்பா பேரு பிரியதர்ஷினி. அப்பா பேரு உங்களுக்குத் தெரியும், சொன்னேனே. தட்டுனா வந்துரும். நீங்க பாத்துச் சொன்னது யாருக்குத் தெரியப் போகுது? நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஒரு குடும்பத்தச் சேத்து வெச்ச புண்ணியம் உங்களுக்கும் பாதி.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? இது கருமத்தம்பட்டிங்க. நீங்க காந்திபுரத்துக்குத்தான டிக்கெட் எடுத்தீங்க, நான் பாத்தேனே.